புறம்போக்கு என்னும் சொல்: வடசென்னை எதிர்ப்புப் பாடல்களில் சமூக மாற்றச் சிந்தனை

ஆய்வுச்சுருக்கம்

எதிர்ப்புப் பாடல்கள் வருங்காலம் குறித்த நம்பிக்கையாகவே சமூக மாற்றத்தைப் பேசுகின்றன என்பது பொதுவாக நிலவும் கருத்து. வடசென்னை சார்ந்து அண்மையில் எழுந்த பாடல்கள் வேறொரு வழியை மேற்கொள்கின்றன. மண்ணையும் மக்களையும் இழித்துரைக்கும் சொல்லையே கையிலெடுத்து, அதன் மதிப்பை அவை மாற்றுகின்றன. ‘சென்னை பொறம்போக்கு பாடல்’ (2017) என்பதை முதன்மையாகவும், ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழுவின் பாடல்களைத் துணையாகவும் கொண்டு இக்கட்டுரை அதனை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: எதிர்ப்புப் பாடல், புறம்போக்கு, எண்ணூர், கானா, வடசென்னை

முன்னுரை

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என வடக்கு நோக்கி நீளும் கடற்கரை, மீனவர் குடியிருப்புகளும் துறைமுகங்களும் ஆலைகளும் அனல்மின் நிலையங்களும் நெருங்கிக் கிடக்கும் நிலப்பகுதியாகும். அருகிலுள்ள பெரம்பூரின் ஆலைத் தொழிலாளரைக் கொண்டு 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. 1923இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே நாள் கொண்டாடினார். அக்காலத் தொழிலாளர் இயக்கம் கூலியையும் வேலை நேரத்தையும் முன்வைத்துப் போராடியது. நூறாண்டு கழிந்த பின் இப்பகுதி குறித்து எழுந்த பாடல்களில் நிலமும் நீரும் காற்றும் கோரிக்கையின் மையத்திற்கு வந்துள்ளன.

சொல்லின் வரலாறு

நிலவருவாய் நிருவாகம் நிலத்தை நஞ்சை, புஞ்சை, புறம்போக்கு எனப் பகுத்தது. வரிவிதிப்புக்கு உட்பட்ட கணக்கிற்குப் புறமாக நின்றதே புறம்போக்கு. ஏரி, ஓடை, மேய்ச்சல் நிலம், சுடுகாடு, கடற்கரை முதலியன இதில் அடங்கும். இவை எவருக்கும் தனியுடைமை அல்லாதவை. ஆதலின் எல்லோருக்கும் உரியவை. எனினும் வரி தராதது பயனற்றது என்னும் பார்வை நாளடைவில் சொல்லில் படிந்தது. சென்னைப் பேச்சுவழக்கில் ‘பொறம்போக்கு’ ஒரு வசைச்சொல்லாகவே நிலைத்துவிட்டது.

பட்டா இல்லாத நீர்ப்பரப்பு ஒழுங்கற்றது எனக் கருதுவது பிழை. எண்ணூருக்கு வடக்கே உள்ள பழவேற்காட்டு ஏரியில், மீன்பிடிக்கும் இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ‘பாடு’ என்னும் மரபு உண்டு. பதிவேட்டில் எவர் பெயரும் இல்லாத நீரில் எவர் எந்நாளில் வலையிட வேண்டும் என்பதை அம்மரபு வரையறுக்கிறது. புறம்போக்கு என்னும் சொல் மறைத்துவிட்ட சமூக ஒழுங்கு இது.

பொருள்மாற்றம் நிகழும் விதம்

2017 சனவரியில், பொங்கலையொட்டி வெளிவந்த ‘சென்னை பொறம்போக்கு பாடல்’ கபேர் வாசுகி எழுதியது. ஆர்.கே. ஸ்ரீராம்குமார் இசையமைக்க, டி.எம். கிருஷ்ணா பாடினார். எண்ணூர்க் கழிமுகப் பகுதியிலேயே அதன் காட்சிகள் படமாக்கப்பட்டன. ஆனந்தபைரவி முதலான இராகங்களில் அமைந்த இராகமாலிகைக்குச் சென்னைப் பேச்சுத்தமிழே சாகித்தியமாயிற்று. சபா மேடையில் ஒலிக்கத் தகாததென ஒதுக்கப்பட்ட வழக்கு, அம்மேடையின் இசைவடிவத்திலேயே ஒலித்தது. சொல்லின் மதிப்பை மாற்ற முனையும் பாடல், அச்சொல் வாழும் மொழியின் மதிப்பையும் உடன் மாற்றியாக வேண்டும். இந்த இசைவடிவத் தேர்வு அத்தேவையை நிறைவேற்றியது எனலாம்.

பாடல் முதலில் புறம்போக்கு என்பதன் பழைய பொருளை விளக்குகிறது; பின்னர் எண்ணூரின் நிலையையும் வெள்ளத்தையும் கூறுகிறது; முடிவில் பாடுபவரையும் கேட்பவரையும் அதே சொல்லுக்குள் கொண்டுவந்து நிறுத்துகிறது. கேட்போர் இரங்குவதற்குரிய பிறராக எண்ணூர் மக்கள் காட்டப்படவில்லை. அச்சொல்லை வசையாகக் கேட்கத் தொடங்கியவர், அதே சொல்லால் தாமும் சுட்டப்படுவதை இறுதியில் உணர்கிறார். சமூக மாற்றம் பற்றிய கருத்து இந்த நகர்வில்தான் அமைந்துள்ளது. எஸ்.பி. ஜனநாதனின் ‘புறம்போக்கு என்கிற பொதுவுடைமை’ (2015) என்னும் திரைப்படத் தலைப்பும் முன்னரே இத்தகைய மீட்பைச் செய்ததென்பது இங்குக் குறிக்கத்தக்கது.

சொல் மாறினால் நிலம் மாறுமா?

பாடல் வெளிவந்த இரண்டே வாரங்களில், 2017 சனவரி 28 அன்று, எண்ணூருக்கு அருகே கடலில் இரு கப்பல்கள் மோதின. கரையொதுங்கிய எண்ணெய்க் கசடு வாளிகளால் அள்ளப்பட்டது. அதே ஆண்டில் வரைபடச் சிக்கல் ஒன்றும் பெரிதாக எழுந்தது. 1996இல் ஒப்புதல் பெற்ற கடலோர மண்டல மேலாண்மை வரைபடத்தில் இருந்த எண்ணூர்க் கழிமுகம் பின்வந்த வரைபடத்தில் விடுபட்டிருந்தது. ஒரு சொல் நிலத்தின் மதிப்பைக் குறைத்தது. ஒரு வரைபடம் நிலத்தையே இல்லாததாக்கியது. முன்னதைப் பாடலால் எதிர்கொள்ள இயலும். பின்னதற்கு ஆவணமும் வழக்கும் வேண்டும்.

சோஃபியா அஷ்ரஃப் பாடிய ‘கோடைக்கானல் வோண்ட்’ (2015) இங்கு ஒப்பிடத்தக்கது. பாதரச மாசு குறித்த அந்த ராப் பாடல் குறிப்பிட்ட நிறுவனத்தை நோக்கியது. அதன் கோரிக்கையும் திட்டவட்டமானது. 2016இல் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் அந்நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. தொழிலாளர்களின் நெடுங்காலப் போராட்டமே அதற்கு அடிப்படை. பாடல் அதனை உலகறியச் செய்தது. எண்ணூர்ப் பாடலை இவ்வளவுகோலால் மட்டும் அளந்தால் அது தோல்வியுற்றதாகவே தோன்றும். ஆனால் அதன் நோக்கம் இழப்பீடு அன்று, வரையறை.

பாடும் குரல்

வடசென்னைக்கெனச் சொந்தமான பாட்டு மரபு கானா. இந்துஸ்தானியில் பாட்டு என்று மட்டுமே பொருள்படும் இச்சொல்லும் சென்னையில் தரக்குறைவின் அடையாளமாக்கப்பட்டது. இறப்பு வீட்டில் இரவு முழுதும் பாடப்படும் மரண கானா, எவரும் நினைவுகூராத மனிதரின் வாழ்வைப் பெயர்சொல்லிப் பாடுவது. பா. இரஞ்சித்தின் முன்முயற்சியில் இசையமைப்பாளர் தென்மா ஒருங்கிணைத்த ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு, 2018 சனவரியில் சென்னையில் தன் முதல் நிகழ்ச்சியை நடத்தியது. கானாவை ராப், ராக் இசைகளோடு இணைத்து இடஒதுக்கீடு, உணவுரிமை ஆகியவற்றை அது பாடியது. அயோத்திதாசரின் சாதிபேதமற்ற தமிழர் என்னும் கருத்தாக்கத்திலிருந்து குழு தன் பெயரைப் பெற்றது. இங்கும் பெயரிடுதலே முதல் எதிர்ப்பாக அமைகிறது.

வேறுபாடு ஒன்று உண்டு. எண்ணூரைப் பாடிய குரல் தென்சென்னையின் சபா மரபில் பயின்றது. அக்குரலுக்குக் கிடைத்த கவனம் எண்ணூர் மீனவரின் முறையீட்டுக்கு அதற்குமுன் கிடைத்ததில்லை. இது பாடலின் வலிமை, அதன் எல்லையும் அதுவே. காஸ்ட்லெஸ் கலெக்டிவில் பாடிய இசைவாணி இராயபுரத்தில் வளர்ந்தவர். ஆண்களே பெரும்பாலும் பாடிவந்த கானாவில் பெண் குரலாக நிலைபெற்று, 2020இல் பி.பி.சி.யின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். அவர் பாடுகையில் வடசென்னை பாடுபொருளாக மட்டும் இருப்பதில்லை, பாடுநராகவும் நிற்கிறது.