வால்வை மாற்றினோம், ஒலி மாறியதா?

ஏறாவூரில் எம் வீட்டில் தந்தையார் விட்டுச் சென்ற வால்வு ஒலிபெருக்கி ஒன்று உண்டு. 1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தபின் வால்வுகள் மெல்ல மெல்ல அருகின. ஆயினும் இதனைக் கைவிட எமக்கு மனம் ஒப்பவில்லை.

அண்மையில் அதன் ஈ.சி.சி. 83 வால்வைக் கழற்றி, ஈ.சி.சி. 82ஐப் பொருத்தினோம். ஒன்பது ஊசிகளும் அச்சொட்டாய் அமர்ந்தன. கரகரப்புத் தணிந்து இசைத்தட்டு குழைந்தது! இனிமை கூடிற்றென்று பூரித்தோம். உண்மையோ வேறு. முன்னதன் பெருக்கக் காரணி 100. பின்னதற்கு ஏறக்குறைய 17தான். குறைந்தது ஒலியின் உரமே. விசையைத் திருகி உரத்தைச் சமப்படுத்திக் கேட்டபோது, வேற்றுமை மிகச் சிறிதே.

மாணவர்காள், மின்தொடர்பை நீக்கிய பின்னும் மின்தேக்கிகளில் உயிர்கொல்லும் மின்னழுத்தம் தங்கியிருக்கும், தனியே திறவாதீர்.

நாம் பழைய 83ஐயே திரும்ப இட்டோம். தந்தையார் கேட்டது அவ்வொலியைத்தானே!