இருவராய் ஒரு நாள்: கோலசிலாங்கூருக்குத் திதி பார்த்துப் போங்கள்

சனிக்கிழமை பிற்பகலில் புக்கிட் ரோத்தான் சாலையோரம் சற்று நேரம் நின்றால் தெரியும். தலைநகர்ப் பக்கமிருந்து வரும் கார்கள் கோலசிலாங்கூரை நோக்கி வரிசையாகப் போகும். மின்மினி பார்க்க, 'ஸ்கை மிரர்' மணல்திட்டில் படம் எடுக்க, பாசிர் பெனாம்பாங்கில் நண்டு சாப்பிட என்று போகிறவர்களில் புதுமணத் தம்பதிகளும் உண்டு, பேரன் பேத்தி கண்டவர்களும் உண்டு. ஆனால் இந்த வட்டாரத் தோட்டங்களிலேயே பிறந்து வளர்ந்த நம் குடும்பங்களில், கணவனும் மனைவியும் இருவராய் மட்டும் அந்த ஆற்றங்கரைக்குப் போய் வந்தவர்கள் எத்தனை பேர்?

நமக்குப் பயணம் என்றால் கூட்டம்தான். தைப்பூசத்திற்குப் பத்துமலை, உறவினர் கல்யாணம், பள்ளி விடுமுறைக்கு வேன் பிடித்து ஒரு சுற்று. அவை எல்லாம் வேண்டும். ஆனால் அந்தப் பயணங்களில் மனைவி சோற்றுப் பொட்டலத்தைப் பார்த்துக்கொள்வார், கணவர் வண்டியைப் பார்த்துக்கொள்வார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள நேரம் இருக்காது. ஷிப்ட் வேலையில் இருக்கும் தம்பதிகளுக்கு வீட்டிலும் அதே கதைதான். ஒருவர் வரும்போது மற்றவர் கிளம்புவார். பேச்சு கட்டணம், கடன், பிள்ளையின் டியூஷன் என்பதோடு முடிந்துவிடும்.

இருவர் மட்டும் போவது வெளியிலிருந்து வந்த பழக்கம் என்று சிலர் நினைக்கிறார்கள். தமிழ் அக இலக்கியம் தலைவனும் தலைவியும் சேர்ந்து போகும் பயணத்துக்கு 'உடன்போக்கு' என்று தனிப் பெயரே வைத்திருக்கிறது. அது பெற்றோர் அறியாமல் பாலை வழியே போன பயணம். நமக்கு அவ்வளவு சிரமம் தேவையில்லை. கடலும் கடல் சார்ந்த நெய்தலும், வயலும் வயல் சார்ந்த மருதமும் இந்த வட்டாரத்திலேயே இருக்கின்றன.

தூரம் குறைவு, செலவும் அதிகமில்லை. அப்படியிருந்தும் போனவர்களில் சிலர் ஏமாற்றத்தோடு திரும்புகிறார்கள். காரணம் பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று, நாள் சரியாக அமையவில்லை. மற்றொன்று, போகுமுன் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

நிலாவே நாள் குறிக்கிறது

கோலசிலாங்கூரின் இரண்டு பெரிய காட்சிகளும் நிலாவைச் சார்ந்தவை. அதனால் சமையலறையில் தொங்கும் தமிழ் நாள்காட்டியே இதற்குச் சிறந்த வழிகாட்டி.

முதலில் 'ஸ்கை மிரர்'. ஜெராம், சாசாரான் கரைக்கு அப்பால் கடலுக்குள் இருக்கும் மணல்திட்டு இது. நீர் நன்றாக வற்றும்போது மட்டுமே வெளியே தெரியும். மணல்மேல் மெல்லிய நீர்ப்படலம் நிற்பதால் வானமும் நிற்பவரின் உருவமும் கண்ணாடியில் தெரிவதுபோல் தெரியும்.

அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியன், பூமி, நிலா மூன்றும் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் அமைகின்றன. சூரியனின் ஈர்ப்பும் நிலாவின் ஈர்ப்பும் சேர்ந்துகொள்வதால், ஏற்றம் மிக உயரமாகவும் வற்றம் மிகத் தாழ்வாகவும் இருக்கும். ஆகவே, அந்தத் திதிகளை ஒட்டிய சில நாள்களில்தான் திட்டு நன்றாக வெளிப்படும். சீன நாள்காட்டியின் முதல் நாளையும் பதினைந்தாம் நாளையும் வைத்துப் படகுக்காரர்கள் கணக்கிடுவதும் இதனால்தான்.

அஷ்டமி, நவமியில் நிலைமை தலைகீழ். சூரியனும் நிலாவும் குறுக்காக இழுப்பதால் நீர் பெரிதாக ஏறுவதுமில்லை, வற்றுவதுமில்லை. அஷ்டமி நவமியில் கிளம்பாதே என்று பாட்டிமார் சொல்வது வேறு காரணத்துக்காக இருக்கலாம். 'ஸ்கை மிரர்' போகிறவர்களுக்கு அது அப்படியே பொருந்தும்.

அடுத்தது மின்மினி. சிலாங்கூர் ஆற்றில் ஆண்டு முழுவதும் மின்மினிகள் உண்டு. ஆனால் நிலா வெளிச்சத்தில் அவற்றின் ஒளி மங்கித் தெரியும். இருட்டு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு அழகு.

ஆக, பகலில் வற்றமும் இரவில் இருட்டும் சேர்ந்து கிடைப்பது அமாவாசையை ஒட்டித்தான். ஆனால் அமாவாசையன்றே போவதில் நம் வீடுகளில் ஒரு சிக்கல் உண்டு. பெற்றோரை இழந்தவர்கள் அன்று விரதம் இருப்பார்கள், சைவம் சாப்பிடுவார்கள். ஒருவர் நண்டை உடைக்க, மற்றவர் வெறும் சோற்றோடு உட்கார்ந்திருந்தால் பயணம் இனிக்காது. அமாவாசை கழிந்த இரண்டாம் நாள், மூன்றாம் நாள் பொருத்தமாக இருக்கும்.

இன்னொரு வாய்ப்பும் உண்டு. பௌர்ணமிக்குப் பிறகு நிலா ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தாமதமாக எழும். பௌர்ணமி கழிந்த மூன்றாம் நாளில் இரவு 9 மணிக்கு மேல்தான் நிலா தலைகாட்டும். அன்று இருட்டியதும், 8 மணி வாக்கிலேயே படகில் ஏறிவிட்டால் இருட்டு உங்களுக்குக் கிடைக்கும்.

நீர் வற்றும் நேரமும் இப்படியே நாளுக்கு நாள் தள்ளிப்போகும். ஆகவே 'ஸ்கை மிரர்' படகு எத்தனை மணிக்கு என்பதை முன்பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பலர் சேர்ந்து போகும் படகு அது. திட்டில் நிழல் இல்லை, கழிப்பறை இல்லை, முழங்கால் நனையும். தொப்பியும் மாற்றுடையும் அவசியம். தனிமையை எதிர்பார்த்து அங்கே போகாதீர்கள். தனிமை இரவில் ஆற்றில் கிடைக்கும்.

அந்த வெளிச்சம் எதற்கு?

கோலசிலாங்கூர் பட்டணத்திலிருந்து சுமார் 9 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது கம்போங் குவாந்தான். அங்கே துடுப்பு போடும் சம்பான்தான். எஞ்சின் சத்தம் கிடையாது. புக்கிட் பெலிம்பிங்கில் உள்ள மின்மினிப் பூங்காவில் மின்சார மோட்டார் படகு. ஒரு சம்பானில் நான்கு பேர் ஏறுவது வழக்கம். இருவராய் மட்டும் போக விரும்பினால் முழுப் படகுக்கும் கட்டணம் கேட்கலாம். அதை ஏறுமுன்பே பேசிக்கொள்ளுங்கள்.

கரையோரம் நிற்கும் பெரெம்பாங் மரங்களில் சின்னஞ்சிறு வண்டுகள் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். மின்மினி ஈ அல்ல, வண்டினம். அதன் வயிற்றில் உள்ள ஒருவகை வேதிப்பொருள் பிராணவாயுவோடு சேரும்போது ஒளி பிறக்கிறது. அந்த ஒளியில் சூடு ஏறக்குறைய இல்லை.

ஆண் மின்மினிகள் பெண்ணைக் கவர்வதற்காகவே மின்னுகின்றன. ஒரு வினாடிக்கு ஏறக்குறைய மூன்று முறை, ஒரு மரம் முழுவதும் ஒரே தாளத்தில் மின்னும். இதற்குத் தலைவன் என்று ஒரு பூச்சி கிடையாது. பக்கத்தில் இருப்பதன் தாளத்தைப் பார்த்து ஒவ்வொன்றும் தன் தாளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொள்ள, எல்லாம் ஒன்றாகிவிடுகின்றன.

இந்த மின்மினியின் புழு மரத்தில் வாழ்வதில்லை. ஆற்றங்கரையின் ஈர மண்ணில் வாழ்ந்து சின்னஞ்சிறு நத்தைகளைத் தின்று வளர்கிறது. உப்புநீரும் நன்னீரும் கலக்கும் அந்தக் கரையில் ஈரம் குறைந்தாலோ, கரையை அழித்துச் செம்பனை நட்டாலோ மின்மினி இல்லை. அதனால்தான் 2009-இல் சிலாங்கூர் அரசு இந்த ஆற்றங்கரைப் பகுதியைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தது.

பார்க்கப் போகிறவர்களின் பங்கும் இதில் உண்டு. கேமரா பிளாஷ், கைப்பேசி விளக்கு இரண்டையும் அணைத்துவிடுங்கள். செயற்கை ஒளி பட்டால் ஆணின் அழைப்பு பெண்ணுக்குத் தெரியாமல் போகும். கொசுவுக்கு நீளக் கைச் சட்டை நல்லது. பூசும் மருந்தைக் கரையிலேயே பூசிக்கொள்ளுங்கள், படகில் தெளிக்க வேண்டாம். கைப்பேசியில் மின்மினி நன்றாக விழாது. ஆகவே அந்த அரை மணி நேரம் கைப்பேசி பையிலேயே இருக்கட்டும். மழை பெய்தால் படகு நிற்கலாம். அதற்கும் மனத்தைத் தயாராக வைத்திருங்கள்.

ஒரு நாளை எப்படி அடுக்குவது?

வற்றம் காலையில் என்றால் முதலில் 'ஸ்கை மிரர்', பிறகு பட்டணம். வெயில் தணிந்ததும் புக்கிட் மலாவாத்தி குன்றுக்குப் போகலாம். 1784-இல் டச்சுக்காரர்கள் இந்தக் கோட்டையைக் கைப்பற்றினார்கள். மறு ஆண்டே சுல்தான் இப்ராஹிம் மீட்டார். 1907-இல் ஆங்கிலேயர் கட்டிய கலங்கரை விளக்கம் இன்றும் நிற்கிறது. ஏறி நடக்க முடியாதவர்களுக்குத் டிராம் வண்டி உண்டு.

குன்றில் சாம்பல் நிற லோத்தோங் குரங்குகளைக் காணலாம். குட்டி மட்டும் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் தாயின் மடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். லோத்தோங் சாது. நீண்ட வால் குரங்குதான் பையைப் பறிக்கும். உணவைக் கையில் வைத்துக்கொண்டு நடக்காதீர்கள். அடிவாரத்திலுள்ள இயற்கைப் பூங்கா 1987-இல் மலேசிய இயற்கைக் கழகத்தின் முயற்சியில் உருவானது. கூட்டம் பிடிக்காதவர்கள் அங்கே சதுப்பு மரங்களுக்கு நடுவே பேசிக்கொண்டே நடக்கலாம்.

மாலையில் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள பாசிர் பெனாம்பாங்கில் சாப்பிடலாம். கடலுணவைக் கிலோ கணக்கில்தான் விற்பார்கள். சமைக்குமுன் எடையையும் விலையையும் கேட்பதில் வெட்கமில்லை. சாப்பாடு முடிந்து இருட்டியதும் மின்மினி.

நடப்பதும் படகேறுவதும் வேண்டாம் என்போர் தஞ்சோங் காராங் வழியாகச் செகிஞ்சான் வயல்களுக்குப் போகலாம். ஆண்டுக்கு இரு போகம் விளைகிறது. அறுவடைக்கு முன் பொன்னிறம், அறுத்த பின் வெறும் மண். எந்த நிலையில் இருக்கிறது என்று அங்குள்ளவர்களிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். கோயிலிலிருந்து நாளைத் தொடங்க விரும்புவோருக்குப் புக்கிட் ரோத்தானிலேயே ஸ்ரீ சக்தி தேவஸ்தானம் இருக்கிறது. ரவாங், செலாயாங் பக்கமிருந்து வருபவர்களுக்கு 2011-இல் திறக்கப்பட்ட லாத்தார் நெடுஞ்சாலை வசதி.

எல்லாவற்றையும் ஒரே நாளில் அடைக்க வேண்டாம். பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று போதும். நடுவில் இரண்டு மணி நேரமாவது எதுவும் செய்யாமல் இருக்க விடுங்கள். பேச்சு பிறப்பது அந்த நேரத்தில்தான்.

கிளம்புமுன் பேச வேண்டியவை

முதலாவது பணம். பெட்ரோல், டோல், படகு, சாப்பாடு என்று நான்கையும் கூட்டி மொத்தத் தொகையை இருவரும் முன்கூட்டியே ஒப்புக்கொள்ளுங்கள். கணவர் மனத்தில் ஒரு கணக்கும் மனைவி மனத்தில் ஒரு கணக்கும் இருந்தால், பில் வரும்போதுதான் முகம் மாறும்.

இரண்டாவது, ஆளுக்கு ஒரு விருப்பம். அவர் ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும், நீங்கள் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒருவரே எல்லாவற்றையும் திட்டமிட்டால் மற்றவர் விருந்தாளியாகிவிடுவார். விருந்தாளிக்குக் குறை சொல்வது சுலபம்.

மூன்றாவது, வீடு. பிள்ளைகளை யார் பார்ப்பது என்பதை ஒரு வாரத்துக்கு முன்பே பேசி முடியுங்கள். அத்தையிடமோ அம்மாவிடமோ ஒளித்துச் செய்யாமல், "நாங்கள் இரண்டு பேரும் ஒரு நாள் வெளியே போய் வருகிறோம்" என்று நேராகச் சொல்லிவிடுவது நல்லது. முதல் முறை ஒரு மாதிரி பார்ப்பார்கள். அடுத்த முறை அவர்களையும் மின்மினி பார்க்க அழைத்துப் போனால் அந்தப் பார்வை மாறிவிடும்.

நான்காவது, படம். இருவரும் சம்மதித்த படத்தை மட்டும் சமூக ஊடகத்தில் போடுங்கள். நிச்சயமாகித் திருமணத்துக்குக் காத்திருப்பவர்களும் பழகிக்கொண்டிருப்பவர்களும் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்பதை நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். ஆற்றங்கரைச் சாலைகள் இரவில் இருட்டு. திரும்பும் வழிக்குப் பெட்ரோலும் கைப்பேசியில் சார்ஜும் இருக்கட்டும்.

செலவுக்குப் பணம் இல்லாத மாதத்திலும் புக்கிட் மலாவாத்தி குன்றின்மேல் மாலை நேரத்தில் உட்காரலாம். வீட்டிலிருந்து எடுத்துப் போன தேநீர் போதும். இன்றிரவு நாள்காட்டியைப் புரட்டி அடுத்த அமாவாசை எப்போது என்று பாருங்கள். அதற்கு அடுத்துவரும் ஓய்வு நாளை இருவரும் சேர்ந்தே வட்டமிட்டு வையுங்கள்.