வாரண்டு வந்தால் வாயடைத்துப் போக வேண்டுமா?

'வாரண்டு' என்ற சொல் காதில் விழுந்தாலே போதும், நம் வீடுகளில் கை கால் ஓடுவதில்லை. பாட்டி சுவாமி படத்துக்கு முன்னால் போய் நிற்பாள். அம்மா அண்டை வீட்டாருக்குத் தெரிந்துவிடுமோ என்று கதவைச் சாத்துவாள். அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்க மட்டும் யாருக்கும் தோன்றாது!

நேயர்களே, வாரண்டு என்பது பிரம்மா எழுதிய தலையெழுத்தல்ல, மனிதர் எழுதியது. அது செல்லுமா, செல்லாதா என்று கேட்பதற்கும் இடம் இருக்கிறது. இதைச் சொல்லிக் கொடுக்கப் புதுச்சேரியைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது.

புதுச்சேரிக்குத் தெற்கே கடலோரத்தில் வீராம்பட்டினம் என்ற மீனவர் ஊர் இருக்கிறது. ஆடி மாதத்தில் அங்கே செங்கழுநீரம்மன் தேர்த் திருவிழா. பிரெஞ்சுக்காரர் ஆண்ட நாளில் கவர்னரே வந்து தேர் வடம் பிடிப்பார். ஆட்சியில் இருப்பவர்கள் வடம் பிடிக்கும் அந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது. அந்த மண்ணில் ஆணை யாருடையது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? பிரிட்டிஷ் மாஜிஸ்திரேட்டு கையெழுத்துப் போட்ட வாரண்டை வைத்துக்கொண்டு பிரிட்டிஷ் போலீஸார் அங்கே ஒருவரையும் தொட முடியாது. அதனால்தான் 1908-ல் பாரதியார் அங்கே போனார். 1910-ல் வ.வே.சு. ஐயர் போனார். அதே ஆண்டு ஏப்ரல் 4-ந் தேதி கப்பலில் வந்து இறங்கினார் அரவிந்தர்.

அரவிந்தர் கதையில்தான் நமக்கு வேண்டிய பாடம் இருக்கிறது. கல்கத்தாவில் அவர் நடத்திய 'கர்மயோகின்' பத்திரிகையில் 1909 டிசம்பர் 25-ந் தேதி, நாட்டு மக்களுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். அது ராஜத்துரோகம் என்றது சர்க்கார். அவர் புதுச்சேரி மண்ணை மிதித்த அன்றேதான் அங்கே அவர் பெயரில் வாரண்டும் பிறந்தது!

ஆசிரியர் கையில் அகப்படவில்லை. ஆனால் பத்திரிகையை அச்சிட்டவர் அகப்பட்டார். அவர் பெயர் மன்மோகன் கோஷ். கட்டுரையை எழுதியவர் அவரல்ல; ஆனாலும் கீழ்க்கோர்ட்டு அவரைக் குற்றவாளி என்று தீர்த்துத் தண்டனையும் விதித்தது. 'நம் விதி' என்று அவர் இருந்துவிடவில்லை. கல்கத்தா ஹைகோர்ட்டில் அப்பீல் செய்தார். எழுதியது உண்மையில் ராஜத்துரோகந்தானா என்று நீதிபதிகள் வரி வரியாகப் பார்த்தார்கள். 1910 நவம்பரில் தீர்ப்பு வந்தது. கட்டுரையில் ராஜத்துரோகம் இல்லை, அச்சிட்டவர் விடுதலை!

அடிப்படையே இல்லை என்றானபின் அதன் மேல் எழுப்பிய வாரண்டுக்கு என்ன மதிப்பு? எங்கோ இருந்த ஓர் அச்சுக்கூடத்துக்காரரின் அப்பீல், புதுச்சேரியில் இருந்தவரின் தலைக்கு மேல் தொங்கிய கத்தியை இறக்கிவிட்டது. அரவிந்தர் பிறகும் திரும்பிப் போகவில்லை. 1950-ல் காலமாகும் வரை புதுச்சேரியிலேயே இருந்துவிட்டார்.

எல்லைக்கோடு தந்த பாதுகாப்போ, அதைத் தாண்டாதவரையில்தான். 1918 நவம்பர் 20-ந் தேதி பாரதியார் புதுச்சேரி எல்லையைத் தாண்டினார். உடனே கைது! கடலூர்ச் சிறையிலிருந்து அவர் வெளியே வர டிசம்பர் 14 ஆயிற்று.

இன்று அந்த எல்லை இல்லை. 1954 நவம்பர் 1-ந் தேதி புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்துவிட்டது. இந்தியக் கோர்ட்டு பிறப்பிக்கும் வாரண்டு இப்போது வீராம்பட்டினத்திலும் செல்லும், வாரணாசியிலும் செல்லும். ஓடி ஒளிய இடமில்லை. கேட்க மட்டும் இடம் உண்டு. எதைக் கேட்பது?

முதலில், காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். கேட்டால் காட்ட வேண்டியது போலீஸாரின் கடமை. அது எழுத்தில் இருக்க வேண்டும். நீதிபதியின் கையெழுத்தும் கோர்ட்டு முத்திரையும் இருக்க வேண்டும். பெயரும் விலாசமும் நம்முடையவைதாமா என்று பாருங்கள். ஜாமீனில் விடக்கூடிய வாரண்டானால் அதுவும் அதிலேயே எழுதியிருக்கும். கைதானவரை இருபத்துநாலு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்த வேண்டும். பிரயாண நேரம் அதில் சேராது. விசேஷக் காரணம் இருந்தாலன்றி, சூரியன் அஸ்தமித்தபின் உதயத்துக்குமுன் பெண்களைக் கைது செய்யக் கூடாது. அப்படிக் காரணம் இருந்தாலும் மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி வேண்டும். வருபவர் பெண் போலீஸ் அதிகாரியாக இருக்க வேண்டும்.

இன்னொன்று. வாரண்டு தானாகக் காலாவதி ஆகாது. அதை நிறைவேற்றும்வரை, அல்லது பிறப்பித்த கோர்ட்டே ரத்து செய்யும்வரை, உயிரோடு இருக்கும். ஆகவே, பீரோவில் வைத்துப் பூட்டுவதால் பயனில்லை. வக்கீலை வைத்து அதே கோர்ட்டில் ரத்து மனுப் போடுங்கள். அங்கே முடியாவிட்டால் ஹைகோர்ட்டு இருக்கிறது. எடுத்த எடுப்பில் பிடிவாரண்டு கூடாது. சாதாரணமாக முதலில் சம்மன், பிறகு ஜாமீன் வாரண்டு, கடைசியில்தான் பிடிவாரண்டு என்று 2007-ல் சுப்ரீம் கோர்ட்டே கீழ்க்கோர்ட்டுகளுக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறது. வக்கீலுக்குப் பணமில்லையே என்கிறீர்களா? பெண்களுக்கு, வருமானம் எவ்வளவானாலும், இலவச சட்ட உதவி உண்டு. கோர்ட்டு வளாகத்திலேயே சட்டப் பணிகள் குழுவை விசாரியுங்கள்.

இதையெல்லாம் இப்போது சொல்லக் காரணம் இருக்கிறது. செல்போனில் போலீஸ் உடுப்போடு ஒருவன் தோன்றுகிறான். போலி வாரண்டு ஒன்றைக் காட்டி, 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டி, பாங்கியில் இருக்கிற பணத்தை அனுப்பச் சொல்கிறான். அப்படி ஒரு கைது எந்தச் சட்டத்திலும் கிடையாது. பேச்சை வெட்டிவிட்டு, 1930 என்ற எண்ணுக்குத் தகவல் கொடுங்கள்.

அன்று ஓர் அச்சுக்கூடத்துக்காரர் சாம்ராஜ்யத்தையே கேள்வி கேட்டார். நம் வீட்டு வாசலில் நீட்டப்படும் காகிதத்தை வாங்கிப் படித்துப் பார்க்க நாம் தயங்கலாமா?