பெயரை அடகு வைத்துப் பறந்த கிங்ஃபிஷர்

2005 மே மாதம் பறக்கத் தொடங்கிய கிங்ஃபிஷர் ஏர்லைன்ஸ் ஓர் ஆண்டுகூட லாபம் பார்த்ததில்லை. 2012 அக்டோபர் 20 அன்று அதன் உரிமம் நிறுத்திவைக்கப்பட்டது.

பெரிய செலவு 2007இல் வந்தது. ஏர் டெக்கானின் 26 சதவீதப் பங்கை சுமார் 550 கோடி ரூபாய் கொடுத்து கிங்ஃபிஷர் உரிமையாளர் விஜய் மல்லையாவின் குழுமம் வாங்கியது. 'சூரரைப் போற்று' படத்துக்குத் தூண்டுகோலான கேப்டன் கோபிநாத் தொடங்கிய அதே டெக்கான்தான். உள்நாட்டில் ஐந்தாண்டு பறந்த நிறுவனத்துக்கே வெளிநாட்டு அனுமதி என்பது அன்றைய விதி. டெக்கான் 2003இல் தொடங்கியதால் அதன் வழியாக கிங்ஃபிஷருக்கு அந்தத் தகுதி 2008இல் கிடைத்தது. செப்டம்பரில் பெங்களூரிலிருந்து லண்டனுக்கு விமானம் கிளம்பியது. அதற்கு முந்தைய ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலரைத் தொட்டிருந்தது.

அடுத்து வந்த நட்டம்: 2008-09இல் 1,609 கோடி, மறு ஆண்டு 1,647 கோடி, பிறகு 1,027 கோடி, 2011-12இல் 2,328 கோடி. கூட்டினால் 6,611 கோடி.

இத்தனைக்கும் நடுவில், 2011இல் வங்கிகள் கடனின் ஒரு பகுதியைப் பங்குகளாக மாற்றிக்கொண்டன. சந்தையில் 40 ரூபாய்க்கும் கீழே கிடைத்த பங்குக்கு அவை வைத்த விலை 64 ரூபாய் 48 காசு! மக்களின் வைப்புப் பணத்தை வைத்திருப்பவர்கள் இப்படிக் கணக்குப் போட்டது பெரும் தவறு.

அடமானத்தின் கதை இன்னும் மோசம். 'கிங்ஃபிஷர்' என்ற விமானப் பெயருக்கு 4,000 கோடிக்கு மேல் மதிப்புப் போட்டிருந்தார்கள். 2016 ஏப்ரலில் 366.70 கோடி அடிப்படை விலையில் அதை ஏலம் விட்டபோது கேட்க ஆளே இல்லை. மும்பை விமான நிலையத்துக்கு அருகிலுள்ள தலைமை அலுவலகத்துக்கு முதலில் குறித்த விலை 150 கோடி. 2021இல் போனது 52.25 கோடிக்கு. வங்கிகளைக் காப்பாற்றியது மல்லையாவின் பீர் தொழில்தான். 2021 ஜூனில் யுனைடெட் புருவரீஸ் பங்குகளை விற்றதில் 5,824 கோடி வந்தது.

விமானங்கள் நின்றபோது ஊழியர்களுக்கு ஏழு மாதச் சம்பளம் பாக்கி. ஏலம் போட அவர்கள் கையில் எந்த அடமானமும் இல்லை. விமான நிறுவனத்துக்குக் கடன் கொடுக்கும் வங்கிகள் இனியாவது முதலில் சம்பளப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்க்கட்டும்.