முதுமையும் செவிப்புலனும்

கண்பார்வை மங்கியவர் மூக்குக்கண்ணாடி அணிய நாணுவதில்லை. எழுத்துத் தெரியவில்லை என்று தாமே முந்திச் சொல்லிவிடுவர். காது மந்தித்தவரோ அங்ஙனம் சொல்வதில்லை. "எனக்குக் கேட்கிறது, நீங்கள்தாம் வாய்க்குள்ளே பேசுகிறீர்கள்" என்பார். இது வீம்பன்று. ஒருவகையில் அவர் கூறுவது மெய்யே. இம்மலரைப் படிக்கும் பழைய மாணவருட் பலர் அறுபதைக் கடந்தவராதலின், அதனைச் சற்று விரித்துரைக்க விரும்புகின்றோம்.

உட்காதிலே நத்தையோடுபோற் சுருண்ட குழாய் ஒன்று உண்டு. பிறக்கும்போது அதனுள்ளே காதொன்றுக்கு ஏறத்தாழ 16,000 மயிர்க்கலங்கள் உள. சுருளின் வாயிலை அடுத்த கலங்கள் உயர்ந்த சுருதியையும், உள்நுனியில் உள்ளவை தாழ்ந்த சுருதியையும் உணரும். ஒலியலை இச்சுருளினூடே ஓடிச் சுருதிக்கேற்ற இடத்தில் உச்சமடைவதை ஆராய்ந்து காட்டிய பெக்கேசி என்பார்க்கு 1961இல் மருத்துவத்துக்குரிய நோபல் பரிசு கிடைத்தது. வயது ஏறுங்கால் முதலில் நலிவன வாயிலை அடுத்த கலங்களே. நலிந்தவை மீள முளைப்பதில்லை. ஆகவே முதுமைச் செவிடு எல்லா ஒலியையும் ஒருங்கே தணிப்பதன்று. மேற்சுருதியை முன்னர்க் கவர்ந்துகொள்வது.

தமிழெழுத்துக்களில் வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். உயிரொலிகளின் வலிமை பெரும்பாலும் செக்கனுக்கு 1,000 அதிர்வுகளுக்கு உட்பட்டது. அது நெடுங்காலம் தப்பி நிற்கும். க, ச, த, ப என்பவற்றை ஒன்றினின்று ஒன்று பிரித்துக் காட்டும் நுண்குறிகளோ பெரும்பாலும் அதற்கு மேலே உள்ளன. சகரத்தின் சீறல் 3,000, 4,000 என்று ஏறிச் செல்லும். அவை தேய்ந்தபின், கடை, சடை, தடை, படை என்னும் நான்கும் முதியவர் செவியில் ஏறக்குறைய "அடை" என்றே விழும். இலக்கண நூலார் இவற்றை வல்லினம் என்றனர். செவிக்கோ இவையே மெலிந்தவை. வகுப்பிலே இதைச் சொன்னால் மாணாக்கர் நகைப்பதுண்டு.

ஆதலால் அவருக்குப் பேச்சு கேட்கிறது, சொல் விளங்கவில்லை. உரக்கக் கத்துவோமாயின் ஓங்குவது உயிரொலியே. மெய்யொலி அதனுள் அமுங்கிவிடும். அன்றியும், நலிந்த செவிக்கு மெல்லொலி கேளாது. வல்லொலியோ சட்டெனத் தாங்கொணாததாகும். "கேட்கவில்லை" என்றவரே மறுகணம் "ஏன் கத்துகிறாய்?" என்று சினப்பதன் காரணம் இது.

அறுபதைக் கடந்தவருள் நூற்றுக்கு 25 பேருக்கு மேல் அன்றாட வாழ்வைப் பாதிக்கும் கேளாமை உடையவர் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஆயினும் வீட்டார் அதனை எளிதில் இனங்காண்பதில்லை. மெல்ல மெல்ல வருவதே காரணம். வானொலியின் ஓசையைப் பிறரினும் கூட்டி வைத்தல், தொலைபேசியை வெறுத்தல், பேத்தியின் மழலை விளங்காமை, ஒருவரோடு நன்றாகப் பேசியவர் கலியாண வீட்டில் வாயடைத்திருத்தல், கேட்ட வினாவுக்குப் பொருந்தாத விடை கூறல் ஆகியவை குறிகள். கடைசியாகச் சொன்னதே கொடியது. "அப்புவுக்கு அறளை பெயர்ந்துவிட்டது" என்று வீட்டார் முடிவு கட்டுவர். அவரும் நகைப்புக்கு அஞ்சி நாற்காலியைத் திண்ணையின் மூலைக்கு இழுத்துக்கொள்வார். அறிவு மழுங்காத ஒருவர் அறிவிழந்தவராக நடத்தப்படுகின்றார்.

அத்தனிமை பின்னர் மெய்யாகவே அறிவைத் தாக்கவுங்கூடும். 2024இல் வெளியான லான்செற் ஆணைக்குழுவின் அறிக்கை, மறதி நோய்க்குரிய, மாற்றக்கூடிய காரணிகளுள் கேளாமையையும் ஒன்றாக வைத்துள்ளது. செவிக்கருவி அதனைத் தடுக்குமா? 2023இல் முடிவு வெளியான ஓர் ஆய்வில், 70 முதல் 84 வயது வரையான 977 பேரை மூன்றாண்டு கவனித்தனர். எல்லோரையும் சேர்த்துப் பார்க்கையில் வேறுபாடு இல்லை. முன்னரே ஆபத்து மிகுந்தவரிடத்து மட்டும் அறிவுத் தேய்வு ஏறத்தாழப் பாதியாயிற்று. இதற்கு மேல் உறுதி கூறுதல் தகாது.

செய்யத்தக்கது யாது? முதலில் வைத்தியரிடம் காதைக் காட்டுக; குறும்பி அடைத்திருப்பின் அதனை எடுத்த அளவிலே குறை தீர்தலும் உண்டு. காய்ச்சிய எண்ணெய் ஊற்றுதலும் ஈர்க்கினாற் குடைதலும் வேண்டா. ஒரு காது மட்டும் ஓரிரு நாளில் திடீரென அடைபடின், அது முதுமைக் கேளாமையன்று. அன்றே காது, மூக்கு, தொண்டை நிபுணரை நாடல் வேண்டும். ஏனையோர் செவிப்புலச் சோதனை செய்து, சுருதிதோறும் குறை எவ்வளவென்று காட்டும் வரைபடம் பெறுவர். செவிக்கருவி அதற்கேற்ப அமைக்கப்படும். அணிந்த அன்றே பழைய செவி திரும்பாது. நெடுநாள் மறந்த ஒலிகளை மூளை மீளப் பழகச் சில வாரங்கள் செல்லும். முதல்நாள் கோயில் திருவிழாவுக்கு அணிந்து சென்று, மறுநாள் அலுமாரியிற் பூட்டி வைத்தவர் பலர். அமைதியான வீட்டிலே, ஒருவரோடு பேசித் தொடங்குவதே முறை. எம் நாட்டு வெப்பத்தில் வியர்வை கருவியைக் கெடுக்கும். இரவில் துடைத்து ஈரமின்றி வைத்தல் வேண்டும்.

பேசுவோர்க்கும் கடமை உண்டு. பெயர் சொல்லி அழைத்து, முகம் பார்த்து, வெளிச்சம் நம் முகத்தில் விழ நின்று, சற்றே நிதானமாகப் பேசுக. விளங்காவிடின் அதே சொல்லைத் திருப்பாது வேறு சொல்லாற் கூறுக.

விழாக் குழுவினர்க்கும் ஒரு வேண்டுகோள். மண்டபத்தின் முன்வரிசையைப் பிரமுகர்க்கு மட்டும் ஒதுக்காது மூத்த மாணவர்க்கும் அளிப்பாராக. ஒலிபெருக்கி அலறத் தேவையில்லை. பேச்சாளர் வாயைக் கடதாசியால் மறையாதிருந்தாற் போதும். விருந்து மண்டபத்தில் பாட்டை நிறுத்திவிட்டால், ஒரே வாங்கில் இருந்து படித்த இருவர் ஐம்பதாண்டுக்குப் பின் ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்கலாம்.