ஆட்டப் பெட்டியும் அதன் போலியும்

போலி என்னும் சொல் இந்நாளில் வசைச்சொல்லாகிவிட்டது. இலக்கண நூலார் அதனை அவ்வாறு கருதவில்லை. ஓர் எழுத்து நிற்க வேண்டிய இடத்தில் மற்றோர் எழுத்து வந்து நின்றும் பொருள் மாறாதிருந்தால், அதனைப் போலி என்றனர். மயல் மையலாகும், அறம் அறனாகும், ஐந்து அஞ்சாகும். கேட்பவர்க்கு இழப்பு ஒன்றுமில்லை.

நேயர்களே, இன்று நான் எடுத்துக்கொண்டது வேறொரு வகைப் போலி. தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் வீடியோ கேம் கருவிகளுக்கும், அவற்றில் செருகப்படும் கேசட்டுகளுக்கும் எழுந்த கள்ளப் பதிப்புகளைப் பற்றியது இப்பேச்சு. 1990களில் செங்கல்பட்டிலும் திருக்கழுக்குன்றத்திலும் மாமல்லபுரக் கடற்கரை ஊர்களிலும் வளர்ந்த பிள்ளைகளுள் மரியோ என்னும் மீசைக்காரனை அறிந்தவர்கள், பெரும்பாலும் இக்கள்ளப் பதிப்பின் வழியாகவே அவனை அறிந்தனர். மூலத்தைக் கண்டவர் மிகச் சிலர்.

அந்த மூலம் யாது? ஜப்பானிய நிறுவனமாகிய நின்டெண்டோ, 1983 ஜூலை 15ஆம் நாள் 'ஃபேமிலி கம்ப்யூட்டர்' என்னும் கருவியை வெளியிட்டது. சுருக்கமாக 'ஃபேமிகாம்' என்பர். அதனுள் முதன்மையான சில்லுகள் இரண்டே. ஒன்று கணக்கிடுவது, மற்றொன்று படம் வரைவது. கணக்கிடும் சில்லுக்குரிய வேலை நினைவகம் 2 கிலோபைட் மட்டும். இத்துணைச் சிறிய கருவி உலகெங்கும் 6 கோடிக்கு மேல் விற்றது. ஆட்டம் கருவியில் இல்லை, கேசட்டில் இருந்தது. உள்ளே நாடா கிடையாது என்றாலும், நம் ஊர்ப் பிள்ளைகள் அதனைக் கேசட் என்றே அழைத்தனர். வேறு பெயர் அதற்கு இங்கு ஒட்டவில்லை. அதனைப் பிரித்தால் ஓர் அச்சுப் பலகையும் நினைவகச் சில்லுகளும் இருக்கும். 1985இல் வந்த 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' ஆட்டம் முழுவதும், அதன் எட்டு உலகங்களும் இசையும் படங்களும் சேர்ந்து, 40 கிலோபைட்டில் அடங்கிவிட்டது. இன்று கைபேசியில் எடுக்கும் ஒரே ஒரு நிழற்படம் இதனினும் பன்மடங்கு பெரிது.

நினைவகச் சில்லில் எழுதியிருப்பதை ஓரெழுத்து விடாமல் படித்து, வேறொரு சில்லில் எழுதுவது மின்னணுத் தொழில் அறிந்தவர்க்கு எளிய வேலை. இதனை நின்டெண்டோவும் உணர்ந்திருந்தது. 1985இல் அமெரிக்காவில் விற்ற கருவியில் ஒரு பூட்டுச் சில்லை வைத்தது; கேசட்டில் அதற்குரிய இணைச் சில்லு இல்லையேல் ஆட்டம் ஓடாது. ஆனால் ஜப்பானில் விற்ற ஃபேமிகாமில் அந்தப் பூட்டு இல்லை. ஆகவே போலி செய்தவர்கள் ஜப்பானியப் பெட்டியையே பின்பற்றினர். தைவானிலுள்ள யுஎம்சி என்னும் சில்லு நிறுவனம் அவ்விரு சில்லுகளுக்கும் ஈடானவற்றை வடித்துக் கொடுத்தது. பின்னர் எல்லாம் ஒரே சில்லில் அடங்கி, அதன்மேல் ஒரு துளிக் கரும்பிசினும் ஊற்றப்பட்டது. போலிப் பெட்டியைத் திறந்து பார்த்தவர்கள் அந்தக் கரும்பொட்டை மறந்திருக்க மாட்டார்கள்.

இவ்வாறு பிறந்த பெட்டி நாட்டுக்கு நாடு பெயர் மாற்றிக்கொண்டது. ரஷ்யாவில் 1992இல் 'டெண்டி' ஆயிற்று. போலந்தில் 'பெகாசஸ்' ஆயிற்று. நம் நாட்டில் 'மீடியா', 'லிட்டில் மாஸ்டர்' முதலிய பெயர்களில் வந்தது. 'சாமுராய்' என்ற பெயரில் நின்டெண்டோவின் கருவியும் இந்தியாவில் விற்கப்பட்டதுண்டு. எனினும் அந்நாளில் பல நுகர்பொருள்களின் இறக்குமதிக்கு அளவுக் கட்டுப்பாடு இருந்தது. அது முற்றிலும் நீங்கியது 2001இல்தான். ஓர் எழுத்தர் அல்லது ஆசிரியர் வீட்டில் மூலக் கருவி வாங்குவது எண்ணிப் பார்க்கக்கூடியதன்று. ஆனால் செங்கல்பட்டில் மின்தொடர் வண்டி ஏறினால், ஏறக்குறைய 60 கிலோமீட்டரில் சென்னைக் கடற்கரை நிலையம். நிலையத்தை விட்டு வெளியே வந்தால் பர்மா பஜார். 1960களில் பர்மாவிலிருந்து உடைமை இழந்து திரும்பிய தமிழர்க்கு வாழ்வளித்த கடைவரிசை அது. இன்னும் கொஞ்சம் அலைய விரும்பியவர்க்கு மவுண்ட் ரோட்டை ஒட்டி ரிச்சி தெரு இருந்தது. பெரும்பாலான பெட்டிகள் இந்த வழியில்தான் செங்கல்பட்டுப் பக்கம் வந்து சேர்ந்தன.

இனி, கேசட்டுக்கு வருவோம். அதன் மேலட்டையில் '9999999 இன் 1' என்று அச்சிட்டிருக்கும். நம் கணக்கில் சொன்னால் 99,99,999. கோடிக்கு ஒன்று குறைவு. அந்த ஒன்றை ஏன் விட்டார்களோ, தெரியவில்லை! ஆட்டம் ஒன்றுக்கு ஒரு நிமிடம் என்று வைத்துக்கொண்டாலும் உண்ணாமல் உறங்காமல் ஆடி முடிக்க 19 ஆண்டுகள் ஆகும். உண்மையில் உள்ளே இருந்தவை பெரும்பாலும் ஐந்தாறு ஆட்டங்களே. பட்டியல் திரும்பத் திரும்ப அவற்றையே காட்டும். சில கேசட்டுகளில் மட்டும் ஒரு சிறு தந்திரம் உண்டு. எத்தனையாவது கட்டத்தில் ஆட்டம் தொடங்க வேண்டும் என்பது நினைவகத்தில் ஓரிடத்தில் எழுதப்படும் ஓர் எண். பட்டியல் அவ்வெண்ணை மாற்றி எழுதிவிட்டு ஆட்டத்தை அழைக்கும். அவ்வளவில் ஒரே மரியோ பத்து மரியோவாகிவிடுவான். ஒரே கான்ட்ரா, தொடங்கும் கட்டமும் கையிலிருக்கும் துப்பாக்கியும் மாறிப் பல கான்ட்ராவாகிவிடும்.

இலக்கணத்துப் போலி வகைகளை இங்கும் பொருத்திப் பார்க்கலாம். முகப்பில் உள்ள பெயரை மட்டும் மாற்றியவை முதற்போலி. உள்ளே உயிர்களின் எண்ணிக்கையையோ வீரனின் உருவத்தையோ மாற்றியவை இடைப்போலி. கடைப்போலி என்பதற்குக் கடைத்தெருப் போலி என்று பொருள் கொண்டால் எல்லாமே அதில் அடங்கும். முற்றுப்போலியும் ஒன்று உண்டு. 1994இல் வந்த 'சோமாரி' என்னும் ஆட்டம் அது. நின்டெண்டோவுக்குப் போட்டியாக விளங்கிய சேகா நிறுவனம் 1991இல் 'சோனிக்' என்னும் ஆட்டத்தை வெளியிட்டது. அது ஃபேமிகாமைவிட ஆற்றல் மிக்க கருவிக்கென அமைந்தது. தைவானியர் அதனை ஃபேமிகாமுக்கு ஏற்பப் புதிதாக எழுதி, சோனிக் ஓட வேண்டிய பாதையில் மரியோவை ஓடவிட்டனர். இரண்டு நிறுவனங்களின் பொருளையும் ஒருங்கே கவர்ந்த செயல் என்பதில் ஐயமில்லை. ஆனால் அது வெறும் படியெடுப்பன்று. எழுதியவன் தொழில் தெரிந்தவன்.

படியெடுத்தவர்கள் அறிந்தே நமக்குச் செய்த நன்மை ஒன்றும் உண்டு. ஜப்பானியத் தொலைக்காட்சி நொடிக்கு 60 முறை படம் வரையும். இந்தியத் தொலைக்காட்சி 50 முறை. ஜப்பானிய மூலப் பெட்டியை அப்படியே இங்குக் கொணர்ந்து இணைத்தால் படம் நிலைப்பதும் நிறம் தெரிவதும் ஐயமே. யுஎம்சியின் சில்லோ நம்முடைய முறைக்கேற்ப 50 முறை வரையுமாறு வடிக்கப்பட்டது; அதே வேளையில் ஜப்பானிய ஆட்டங்கள் தடுமாறாமல் ஓடுமாறு காலக்கணக்கும் சரி செய்யப்பட்டது. விளைவு யாதெனின், ஆட்டம் முழுவதும் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடிற்று. கோஜி கொண்டோ அமைத்த மரியோவின் இசையில் சுருதி ஏறக்குறைய அப்படியே நின்றது. காலப்பிரமாணம் மட்டும் தாழ்ந்தது. அன்று இங்கு ஆடியவர்கள் இப்போது மூல இசையைக் கேட்டால், யாரோ அவசரப்பட்டு வாசிப்பதாக எண்ணுகின்றனர். அவர்கள் செவிக்குப் போலியே மூலம்.

கேசட் ஓடாவிட்டால் வாயால் ஊதுவது அந்நாளைய வைத்தியம். ஊதியதனால் ஓடிற்று என்பது நம்பிக்கை. கழற்றி மீண்டும் செருகியதனால்தான் ஓடிற்று. வாயின் ஈரம் செம்புப் பற்களில் களிம்பேற்றும். உப்புக் காற்று வீசும் கடற்கரை ஊர்களில் இத்தீமை இரு மடங்கு.

இப்போது பெயரைப் பற்றிய வழக்குக்கு வருகிறேன். மரியோ ஆட்டத்தின் முகப்பில் '1985 நின்டெண்டோ' என்று உரிமை வரி ஒன்று இருக்கும். கள்ளப் பதிப்புகள் பலவற்றில் அந்த வரி துடைக்கப்பட்டிருக்கும். எடுத்த பொருளுக்கு உடையவன் யார் என்பதையும் மறைத்தது, எடுத்ததினும் பெரிய குற்றம் என்பது என் கருத்து. ஆயினும் நின்டெண்டோவும் முழுதும் குற்றமற்றதன்று. அந்த ஆட்டத்தைப் படைத்த ஷிகேரு மியாமோட்டோ, தகாஷி தெசுகா, கொண்டோ ஆகியோரின் பெயர்கள் மூலப் பதிப்பிலேயே ஓரிடத்திலும் இல்லை. அக்காலத்து ஆட்ட நிறுவனங்களின் பொது வழக்கம் அது. அமெரிக்காவில் அட்டாரி நிறுவனமும் அவ்வாறே செய்தது. அங்கு வேலை பார்த்த வாரன் ராபினெட், 1980இல் வந்த 'அட்வெஞ்சர்' ஆட்டத்தில் ஒரு மறைவான அறையைக் கட்டி, அதனுள் தம் பெயரை எழுதி வைத்தார். ஆக, தொழிலாளியின் பெயரை நிறுவனம் முதலில் விட்டது. நிறுவனத்தின் பெயரைக் கள்வன் பின்னர்த் துடைத்தான். மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில், பாறை ஒன்றில் கேவாத பெருந்தச்சன், குணமல்லன் முதலிய பெயர்கள் பழைய எழுத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன. அவை பல்லவர் காலச் சிற்பிகளுடையவை என்று ஆய்வாளர் கருதுவர். உளி பிடித்தவனுக்கு அங்கே ஒரு பாறையாவது கிடைத்தது.

சட்டம் இதில் நுட்பமாக நடக்கிறது. ஆட்டத்தின் விதி யாருக்கும் சொந்தமன்று. 2022இல் மாமல்லபுரத்தில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நடந்தபோது, சதுரங்கம் ஆடுவதற்கு யாரிடமும் உரிமை வாங்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் எழுதப்பட்ட நிரல் எழுதியவர்க்கு உரியது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 1984இல் செய்த திருத்தம், கணினி நிரலை இலக்கியப் படைப்புகளோடு சேர்த்தது. கவிதைக்குள்ள காப்பு மரியோவுக்கும் உண்டு என்பது இதன் பொருள். அக்காப்பு ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை நீளும். 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, கள்ள நிரல் என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்துவோர்க்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2,00,000 ரூபாய் வரை தண்டமும் உண்டு. ஆதாயம் கருதாமல் பயன்படுத்தியவர்க்குச் சிறையை விலக்கவும் நீதிமன்றத்திற்கு இடமுண்டு.

கருவியின் நிலை வேறு. கண்டுபிடிப்புக்குரிய காப்பு 20 ஆண்டு அளவில் முடிந்துவிடும். ஃபேமிகாமின் காப்புகள் இந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே காலாவதியாயின. எனவே அப்பெட்டியை இன்று யாரும் குற்றமின்றிச் செய்யலாம். நின்டெண்டோவே 2016இல் ஒரு சிறு பெட்டியை வெளியிட்டு, அதில் 30 ஆட்டங்களை முறைப்படி வைத்தது. கைக்கடக்கமாக இப்போது விற்கும் '400 இன் 1' பெட்டிகளில் ஓடு குற்றமற்றது. உள்ளிருக்கும் ஆட்டங்களோ பெரும்பாலும் அன்றைய கரும்பிசின் கேசட்டில் இருந்தவைதாம். இம்முறை எண்ணிக்கையில் மட்டும் கொஞ்சம் அடக்கம் காட்டியிருக்கிறார்கள்.