ஓம்ரான்

ஓம்ரான் என்பது யப்பானின் கியோத்தோ நகரைத் தலைமையிடமாகக் கொண்ட தொழிலகத் தன்னியக்கக் கருவிகள் உற்பத்தி நிறுவனம் ஆகும். 1933 ஆம் ஆண்டு கசுமா தத்தெய்ஷி என்னும் மின்பொறியாளர் ஒசாக்காவில் இதனைத் தொடங்கினார். உணரிகள், நிலைமாற்றிகள், கட்டுப்படுத்திகள், தொழிலக ரோபோக்கள் ஆகியவை இதன் முதன்மையான உற்பத்திப் பொருட்கள். பொதுமக்கள் இப்பெயரை வீட்டில் பயன்படுத்தும் இரத்த அழுத்தமானிகளின் மூலமே பெரும்பாலும் அறிவர். இயந்திரம் செய்யக்கூடிய வேலையை இயந்திரத்திடம் விட்டுவிட்டு, மனிதர் புதியன படைப்பதில் ஈடுபட வேண்டும் என்பது நிறுவனரின் கொள்கையாகும்.

தோற்றம்

தத்தெய்ஷி 1900 இல் குமாமோட்டோவில் பிறந்தார். எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்கும்போது உடலுறுப்புகள் அசைவதால் படம் மங்கலாகும். இதைத் தவிர்க்கக் கதிரை 1/20 நொடி அளவுக்கு மட்டுமே செலுத்த வேண்டியிருந்தது. அவ்வளவு குறுகிய நேரத்தைத் துல்லியமாக அளந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் நேரக்கருவியைத் தத்தெய்ஷி, ரிலே வடிவமைப்பில் தமக்கிருந்த பட்டறிவைக் கொண்டு உருவாக்கினார். இதுவே நிறுவனத்தின் முதல் உற்பத்திப் பொருள். 1943 இல் நுண்நிலைமாற்றி உருவாக்கப்பட்டது. 1945 இல் நிறுவனம் கியோத்தோவுக்கு இடம்பெயர்ந்தது. அங்குள்ள ஓமுரோ என்னும் பகுதியின் பெயரிலிருந்தே ஓம்ரான் என்னும் வணிகப்பெயர் பிறந்தது. 1990 இல் அதுவே நிறுவனத்தின் பெயராயிற்று.

தொடுகையற்ற நிலைமாற்றி

வழக்கமான நிலைமாற்றியில் இரு உலோக முனைகள் ஒன்றையொன்று தொட்டு விலகுகின்றன. ஒவ்வொரு முறையும் எழும் தீப்பொறியால் முனைகள் தேய்கின்றன. இடைவிடாது இயங்கும் தன்னியக்கத் தொழிற்சாலையில் இத்தேய்மானம் பெரும் இடையூறாகும். இதற்குத் தீர்வாக, டிரான்சிஸ்டரைப் பயன்படுத்தும் தொடுகையற்ற நிலைமாற்றியை ஓம்ரான் 1960 இல் உருவாக்கியது.

இவ்வகையில் தூண்டல்முறை நிலைமாற்றி எளிதில் விளங்கக்கூடியது. இதிலுள்ள கம்பிச்சுருள் மாறும் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. உலோகப் பொருள் அருகே வந்தால் அதில் சுழல் மின்னோட்டம் தோன்றி, சுருளின் ஆற்றலில் ஒரு பகுதியை ஈர்த்துக்கொள்கிறது. இதனால் அலைவு வலுவிழக்க, அம்மாற்றத்தை மின்சுற்று உணர்ந்து இணைப்பை மாற்றுகிறது. அசையும் முனைகள் இல்லாததால் தேய்மானம் இல்லை.

தொடர்வண்டி நிலையம்

உணர்தல், முடிவெடுத்தல், இயக்குதல் என்னும் இம்மூன்று செயல்களும் விரைவில் தொழிற்சாலைக்கு வெளியேயும் பயன்பட்டன. 1964 இல் கியோத்தோவில் வண்டிகளின் வருகைக்கேற்ப மாறும் போக்குவரத்து விளக்கு சோதிக்கப்பட்டது. 1967 இல் ஒசாக்காவின் புறநகரான கித்தா-சென்ரியில் ஹன்கியூ தொடர்வண்டி நிலையத்தில் தன்னியக்கப் பயணச்சீட்டு வாயில்கள் நிறுவப்பட்டன. அதுவரை வாயிலில் நின்ற பணியாளர்களே ஒவ்வொரு சீட்டையும் சரிபார்த்துத் துளையிட்டனர்.

பயணிகள் சீட்டைக் கோணலாக நுழைத்தால் இயந்திரத்தால் படிக்க இயலவில்லை. ஓடையில் மிதந்து வந்த மூங்கில் இலை ஒன்று கல்லில் மோதித் திசைதிரும்பியதைக் கண்ட பொறியாளர், சீட்டு செல்லும் வழியில் அதுபோன்ற ஒரு தடையை அமைத்து அதனை நேராக்கினார் எனக் கூறப்படுகிறது. கிண்டெட்சு, ஹன்கியூ, ஒசாக்கா பல்கலைக்கழகம் ஆகியவற்றுடன் இணைந்து செய்யப்பட்ட இப்பணியை ஐ.இ.இ.இ. அமைப்பு 2007 இல் பொறியியல் மைல்கல்லாக அறிவித்தது.

கொள்கையும் மனித உழைப்பும்

1970 இல் தத்தெய்ஷி சினிக் என்னும் எதிர்காலக் கோட்பாட்டை வெளியிட்டார். அறிவியல், தொழினுட்பம், சமூகம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தூண்டி வளர்கின்றன என்பது அதன் மையக்கருத்து. தன்னியக்கச் சமூகத்தைத் தொடர்ந்து தகவல் சமூகம் தோன்றும் என அது கணித்தது. 1972 இல் மாற்றுத்திறனாளிகள் பணிபுரிவதற்கான ஓம்ரான் தையோ தொழிற்சாலை பெப்பு நகரில் தொடங்கப்பட்டது. உடல்நிலைக்கேற்பப் பணியிடத்தையும் கருவிகளையும் மாற்றியமைத்தால் எவரும் உழைக்க முடியும் என்பதற்கு அது சான்றாயிற்று.

எனினும் தன்னியக்கம் உழைப்பின் சுமையைக் குறைப்பதோடு, வேலைகளையும் இல்லாமற் செய்கிறது. சீட்டில் துளையிடும் பணி யப்பானிய நிலையங்களிலிருந்து படிப்படியாக மறைந்தது. தொழிலகத் தன்னியக்கக் கருவிகளின் விற்பனை சரிந்ததால், ஓம்ரானே 2024 இல் உலகளவில் ஏறத்தாழ 2,000 பணியிடங்களைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. இயந்திரம் விடுவித்த நேரம் மனிதரின் படைப்புக்குப் பயன்படுமா என்பது, நிறுவனர் 1991 இல் மறைந்த பின்னரும் அவரது கொள்கை எழுப்பும் வினாவாகவே உள்ளது.